முதியோருக்கான லுகேமியாக் கூட்டு மருந்துச் சோதனைகள்: இரண்டாவது மருந்து எப்போது உதவுகிறது, எப்போது கெடுக்கிறது?

தலைப்பில் உள்ள கேள்விக்கு இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அக்யூட் மைலாய்டு லுகேமியா (ஏஎம்எல், மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய்) வந்து, கடுமையான கீமோவைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர்கள் முடிவுசெய்த முதியவர்களிடம் இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்து எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது ஒன்று. சிறிய சோதனையில் பிரமாதமாகத் தெரிந்த கூட்டு, பெரிய சோதனைக்குப் போனதும் ஏன் இத்தனை முறை சறுக்குகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். முதலாவதைச் சரியாகச் செய்யாததன் விளைவுதான் பெரும்பாலும் இரண்டாவது.

சுருக்கமாகச் சொன்னால், இந்த நோயாளிகளிடம் புற்றணுவைக் கொல்லும் மருந்துக்குப் பஞ்சமில்லை. மருந்து வேலை செய்து முடிக்கும்வரை நோயாளி தாக்குப்பிடிப்பாரா என்பதில்தான் சோதனை ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. அதனால் டோஸ், இடைவெளி நாட்கள், கிருமித்தொற்றுத் தடுப்பு, பிற மாத்திரைகளுடன் மோதல் போன்றவற்றைத் துணை விவரம் என்று பின்னிணைப்பில் தள்ளிவிடக் கூடாது. சோதிக்கப்படுவதே அவைதான்.

இந்த நோய் கண்டறியப்படும் இடைநிலை வயது சுமார் 68. பாதிப் பேர் அதற்கும் மேற்பட்டவர்கள். 1970களிலிருந்து வழக்கத்தில் இருக்கும் '7+3' சிகிச்சையில் சைட்டரபின் ஏழு நாள் தொடர்ந்து நரம்பு வழியாக இறங்கும், டானோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் மூன்று நாள் கொடுக்கப்படும். நல்ல உடற்கட்டு உள்ள ஐம்பது வயதுக்காரர் இதைத் தாண்டி வருவார். இதயம் பலவீனமான எழுபத்தெட்டு வயதுக்காரருக்குச் சிகிச்சையே முடிவாகிவிடலாம். அவர்களுக்கு நெடுநாள் இருந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, குறைந்த அளவு சைட்டரபினைத் தோலடி ஊசியாகப் போடுவது. மற்றொன்று அசாசிடிடின் அல்லது டெசிடபின் என்ற மிதமான கீமோ மருந்து. அசாசிடிடின் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் ஏழு நாள், 28 நாளுக்கு ஒரு சுற்று. டெசிடபின் 20 மி.கி. வீதம் ஐந்து நாள். இவற்றோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் கடந்த பதினைந்து ஆண்டுகளின் சோதனை வரலாறு.

யாரைத் 'தளர்ந்தவர்' என்று எழுதுகிறோம்

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. 'கடும் கீமோவுக்குத் தகுதியற்றவர்' என்பதும் 'தளர்ந்தவர்' என்பதும் ஒன்றல்ல. அசாசிடிடினோடு சேர்க்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரையை நிலைநாட்டிய வியாலே-ஏ சோதனையில் 75 வயதைத் தாண்டியிருந்தாலே தகுதி உண்டு. அதற்குக் கீழே என்றால் சிகிச்சை தேவைப்படும் இதயச் செயலிழப்பு, 50 சதவீதம் அல்லது அதற்குக் கீழான இதய வெளியேற்று விகிதம், நுரையீரல் செயல்திறன் 65 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பது, சிறுநீரக வடிதிறன் (ரத்தத்தை வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 30 முதல் 45 மி.லி.க்குள் இருப்பது போன்ற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதே நேரத்தில் 75ஐத் தாண்டியவர்கள் பகலில் பாதி நேரத்துக்கு மேல் எழுந்து நடமாடுபவர்களாக இருக்க வேண்டும். படுக்கையிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் எண்பது வயதுக்காரர் அந்தச் சோதனையில் கிடையாது. ஆகவே அதன் எண்களை அவருக்கு அப்படியே சொல்வது சரியல்ல.

சிறுநீரகக் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 80 வயது, 50 கிலோ, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு 0.8 (டெசிலிட்டருக்கு மி.கி.). ஆய்வக அறிக்கையில் அது 'நார்மல்' என்றே வரும். காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் 140லிருந்து வயதைக் கழித்து 60, அதை 50 கிலோவால் பெருக்கி 3,000, அதை 72 பெருக்கல் 0.8, அதாவது 57.6ஆல் வகுத்தால் 52. பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்க வேண்டும், 44 ஆகிறது. ஒரே கிரியாட்டினின், ஒரே எடை, ஒரே வயது. ஆனால் 45 என்ற கோட்டுக்கு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. தசை வற்றிய உடலில் கிரியாட்டினின் குறைவாகத்தான் உற்பத்தியாகும் என்பதால் நார்மல் என்ற சொல் ஏமாற்றும். சோதனை நெறிமுறையில் 'கிரியாட்டினின் இவ்வளவுக்குள்' என்று எழுதுவதைவிட வடிதிறனை எழுதுவதே பாதுகாப்பு.

உடல் வலுவை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். குறுகிய உடல்திறன் தொகுப்பு என்ற சோதனை பத்து நிமிடத்தில் முடியும். பாதங்களைச் சேர்த்து வைத்து, பாதி முன்னே வைத்து, ஒன்றின் முன் ஒன்றாக வைத்து என்று மூன்று நிலைகளில் பத்துப் பத்து விநாடி நிற்க வேண்டும். பிறகு நான்கு மீட்டர் வழக்கமான நடை. கடைசியாகக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தம் 12. கடும் கீமோ பெறவிருந்த 60 வயதைத் தாண்டிய 74 பேரிடம் இதைச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், 9க்குக் கீழே எடுத்தவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு 6.0 மாதம், மற்றவர்களுக்கு 16.8 மாதம். நினைவாற்றல் சோதனையில் குறைவாக எடுத்தவர்களுக்கு 5.2, மற்றவர்களுக்கு 15.6. சிறிய ஆய்வுதான். ஆனால் மருத்துவர் பார்த்த பார்வையில் 'பரவாயில்லை, நல்லா இருக்கார்' என்று எழுதும் குறிப்பு எவ்வளவு விஷயத்தைத் தவறவிடுகிறது என்பதைக் காட்டுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். தளர்ச்சி எதனால் வந்தது என்பதைப் பிரிக்க வேண்டும். மூன்று மாதம் முன்புவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது ஹீமோகுளோபின் 6, காய்ச்சல் என்று படுத்திருந்தால், அந்தத் தளர்ச்சி லுகேமியாவினுடையது. சிகிச்சை பலித்தால் எழுந்து உட்காருவார். பத்தாண்டு பார்க்கின்சன் நோயால் தளர்ந்தவர் அப்படி எழ மாட்டார். இரண்டு பேரும் ஒரே மதிப்பெண் எடுக்கலாம். அதனால் 'நோய்க்கு மூன்று மாதம் முன்பு எப்படி இருந்தார்' என்ற ஒரு வரிக் கேள்வியைச் சேர்க்காத சோதனை, பிற்பாடு தன் முடிவுகளைப் பிரித்துப் பார்க்க முடியாமல் திண்டாடும்.

ஆய்வகத் தட்டிலிருந்து முதல் நோயாளி வரை

கூட்டு என்றதும் 'இரண்டும் சேர்ந்தால் பன்மடங்கு பலன்' என்ற பேச்சு எழும். அதற்குக் கணக்கு உண்டு. ஒரு மருந்து தனியாக 40 சதவீதப் புற்றணுக்களைக் கொல்கிறது, மற்றொன்று 50 சதவீதம் என்றால், ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வேலை செய்தாலே 70 சதவீதம் இறக்க வேண்டும். முதல் மருந்து விட்டுவைத்த 60இல் பாதி, இரண்டாவதில் போகும். 70ஐத் தெளிவாகத் தாண்டினால்தான் கூட்டு விளைவு என்று சொல்லலாம். 72 வந்ததைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

இதைவிட முக்கியமானது, அதே தட்டில் ஆரோக்கியமான மஜ்ஜை மூல அணுக்களையும் வைத்துப் பார்ப்பது. இரண்டு மருந்தும் புற்றணுவைக் கொல்வதில் கைகோத்து, நல்ல அணுவைக் கொல்வதிலும் அதே அளவு கைகோத்தால் லாபமே இல்லை. டோஸைக் கூட்டினாலும் அதே பலன் கிடைத்திருக்கும். இன்னொரு பொறி, மருந்தின் செறிவு. வெனெட்டோகிளாக்ஸ் ரத்தத்தில் 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், தனித்து வேலை செய்வது மிகச் சொற்பம். பத்து சதவீதம் மட்டுமே சீரம் (ரத்தப் புரதங்கள் கொண்ட திரவம்) சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் அது உண்மையைவிடப் பலசாலியாகத் தெரியும்.

அசாசிடிடினும் வெனெட்டோகிளாக்ஸும் சேர்ந்ததற்கு உயிரியல் காரணம் இருந்தது. பிசிஎல்-2 என்ற புரதம் புற்றணுவைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வெனெட்டோகிளாக்ஸ் அந்தப் பிடியை விடுவிக்கும். ஆனால் எம்சிஎல்-1 என்ற மாற்றுப் புரதம் அந்த இடத்துக்கு வந்துவிடும். அசாசிடிடின் அந்த மாற்றைத் தளர்த்துகிறது. கூடவே லுகேமியா மூல அணுக்களின் ஆற்றல் உற்பத்தியையும் இந்த ஜோடி முடக்குகிறது. இப்படிக் காரணம் தெரிந்திருந்தால், தோற்றாலும் எங்கே தோற்றது என்று தேட முடியும்.

மனிதர்களிடம் டோஸ் தேடும் முதல் கட்டத்தில்தான் முதியோருக்கான சோதனை தனி வழியில் போக வேண்டும். வழக்கமான மூன்று மூன்று பேராக ஏறும் முறையில், முதல் 28 நாளில் தாங்க முடியாத பக்கவிளைவு வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் அடுத்த டோஸுக்குப் போவார்கள். லுகேமியாவில் முதல் சுற்றில் அணுக்கள் குறைவாகத்தான் இருக்கும், நோயே அப்படி. குறைவுக்குக் காரணம் நோயா மருந்தா என்று எப்படிப் பிரிப்பது? பொதுவாகப் பயன்படும் விதி இது: மஜ்ஜையில் புற்றணுக்கள் போய்விட்டன, ஆனாலும் 42ஆம் நாள் தாண்டியும் நியூட்ரோபில்களும் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) தட்டணுக்களும் (ரத்தம் உறைய உதவுபவை) எழவில்லை என்றால், அது மருந்தின் குற்றம். 28 நாளில் கண்ணை மூடிக்கொள்ளும் சோதனை இதைப் பார்க்கவே பார்க்காது.

இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் மஜ்ஜை மெல்லக் கைவிடும். முதியவரின் மஜ்ஜையில் இருப்பு குறைவு. முதல் மாதம் தாங்கினார் என்பதற்காக ஆறாவது மாதமும் தாங்குவார் என்று கொள்ள முடியாது. ஆறு சுற்றுகளில் திட்டமிட்ட டோஸில் எத்தனை சதவீதம் உண்மையில் உள்ளே போனது என்ற எண்ணை முதல் கட்டத்திலேயே வெளியிட வேண்டும். அறுபது சதவீதம்தான் போனது என்றால், எழுதியிருக்கும் டோஸ் காகிதத்தில் மட்டும் இருக்கும் டோஸ். வெனெட்டோகிளாக்ஸில் 400, 800, 1,200 மி.கி. மூன்றையும் பார்த்தார்கள். அதிக டோஸில் வயிற்றுத் தொந்தரவு கூடியது, பலன் அதற்கேற்பக் கூடவில்லை. 400 தேர்வானது. 'தாங்கக்கூடிய உச்சம்' என்ற பழைய இலக்கைத் துரத்தியிருந்தால் இந்த மருந்து இன்று முதியோர் கைக்கு வந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஒரு சுற்று, நாள் கணக்கில்

நெறிமுறையில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு அசாசிடிடின்-வெனெட்டோகிளாக்ஸ் ஜோடியின் முதல் சுற்றையே எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும் முன் வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 25,000க்குக் கீழே வர வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ராக்ஸியூரியா கொடுத்து இறக்க வேண்டும். புற்றணுக்கள் ஒரே நேரத்தில் சிதைந்தால் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ரத்தத்தில் குவிந்து சிறுநீரகமும் இதயமும் அடிபடும். அதனால்தான் அல்லோபியூரினாலும் போதிய நீரும் முன்கூட்டியே. வெனெட்டோகிளாக்ஸ் முதல் நாள் 100 மி.கி., இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் 400, உணவோடு. ஒவ்வொரு புதிய டோஸுக்கு முன்பும், 6 முதல் 8 மணி நேரம் கழித்தும், முழு டோஸை எட்டிய 24 மணி நேரத்திலும் ரத்தம் எடுக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு டோஸ் கொடுத்துவிட்டு ஆய்வகம் இரவு மூடியிருக்கும் மையத்தில் இது நடக்காது. டோஸ் நேரத்தைக் காலைக்கு மாற்று என்ற ஒரு வரி, ஓர் உயிரைக் காக்கும்.

21 முதல் 28ஆம் நாளுக்குள் மஜ்ஜைப் பரிசோதனை. பிளாஸ்ட் அணுக்கள் (முதிராத புற்றணுக்கள்) 5 சதவீதத்துக்குக் கீழே போயிருந்து, நியூட்ரோபில் 500ஐயும் தட்டணு 50,000ஐயும் எட்டவில்லை என்றால், அடுத்த சுற்றைத் தொடங்காமல் 14 நாள் வரை காத்திருக்கலாம். நியூட்ரோபில் வளர்ச்சி ஊக்கி ஊசியும் அப்போது போடலாம். அடுத்த சுற்றுகளில் வெனெட்டோகிளாக்ஸ் 28 நாளுக்குப் பதில் 21 நாள், தேவைப்பட்டால் 14 நாள். மாறாக, பிளாஸ்ட் இன்னும் இருக்கிறது, அணுக்கள் குறைவு என்றால் நிறுத்தவே கூடாது, நோயைத்தான் அடிக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு இரண்டு நோயாளிகளின் ரத்த அறிக்கையும் ஒன்றுபோல இருக்கும். மஜ்ஜை மட்டுமே பிரித்துச் சொல்லும். இந்த விதியை எழுதாமல் 'மருத்துவர் முடிவுப்படி' என்று விட்டால், ஒரு மையம் நிறுத்தும், அடுத்த மையம் தொடரும். பிறகு வரும் முடிவு எந்தச் சிகிச்சையினுடையது என்று யாருக்கும் தெரியாது.

பூஞ்சைத் தடுப்பு மருந்துதான் இதில் மிகச் சிக்கலானது. நியூட்ரோபில் குறைந்தவருக்குப் பூஞ்சைத் தொற்று உயிருக்கே ஆபத்து, போசகொனசோல் அதைத் தடுக்கும். ஆனால் அதே போசகொனசோல், கல்லீரலில் வெனெட்டோகிளாக்ஸைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். மருந்து ரத்தத்தில் தேங்கும். அதனால் 400 மி.கி. 70 ஆகக் குறைய வேண்டும். ஃப்ளூகொனசோல் போன்ற நடுத்தரத் தடுப்பிகளோடு குறைந்தது பாதியாக. சிப்ரோஃப்ளாக்சசினும் இந்தப் பட்டியலில் வரும் என்பது பலருக்கு நினைவிருக்காது. கிரேப்ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் அதே காரணத்துக்காகக் கூடாது. சோதனையில் பூஞ்சைத் தடுப்பைத் தடைசெய்தால் தொற்று கூடும். அனுமதித்துவிட்டு டோஸைக் குறைக்கச் சொல்ல மறந்தால் அணுக்குறைவு கூடும். எண்பது வயதில் ஒருவர் ஏழெட்டு மாத்திரை சாப்பிடுவது சாதாரணம். சேர்க்கை நாளன்றே மருந்தாளர் அந்தப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத மையத்தை இப்படிப்பட்ட சோதனைக்குத் தேர்வு செய்யக் கூடாது.

சிறிய சோதனை ஏன் ஏமாற்றுகிறது

இரண்டாம் கட்டத்தில் பரவலாக உள்ள இரண்டு படி வடிவத்தைப் பாருங்கள். 20 சதவீதப் பலன் போதாது, 40 சதவீதம் வந்தால் மேலே போகலாம் என்று வைத்துக்கொண்டால், முதலில் 13 பேர். அவர்களில் 3 அல்லது அதற்குக் குறைவானவர்களுக்கே பலன் என்றால் நிறுத்திவிடலாம். தாண்டினால் 43 பேர் வரை போய், 13 பேருக்காவது பலன் கிடைக்க வேண்டும். கணக்கு சுத்தமானது. ஆனால் ஒப்பிடுவது பழைய நோயாளிகளோடு. இன்றைக்குப் பெரிய மையத்தில் சேரும் முதல் 43 பேர் நடந்து வரக்கூடியவர்கள், குடும்பத்துணை உள்ளவர்கள். மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்கள் பழைய சராசரியைத் தாண்டுவார்கள்.

வோலாசெர்டிப் என்ற மருந்து இதற்குப் பாடப்புத்தக உதாரணம். குறைந்த அளவு சைட்டரபினோடு சேர்த்து 87 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் 13.3 சதவீதத்திலிருந்து 31 சதவீதமானது, இடைநிலை உயிர்வாழ்வு 5.2 மாதத்திலிருந்து 8.0 ஆனது. குலுக்கல் முறையில் நடந்த சோதனை என்பதால் நம்பிக்கையும் கூடியது. 666 பேரைக் கொண்ட மூன்றாம் கட்டத்தில் பலன் விகிதம் கொஞ்சம் கூடவே இருந்தது, உயிர்வாழ்வு கூடவில்லை. காய்ச்சலோடு கூடிய நியூட்ரோபில் குறைவு 29.3 சதவீதத்திலிருந்து 60.4 ஆக ஏறியது. உயிர் பறித்த பாதகங்கள் 18.0 சதவீதத்திலிருந்து 31.2. மருந்து புற்றணுவைக் கொன்றது. தொற்று நோயாளியைக் கொன்றது. தொற்றுத் தடுப்பு எல்லா மையங்களிலும் ஒரே கண்டிப்போடு கட்டாயமாக்கப்பட்டிருந்தால் கதை மாறியிருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

பிரிட்டனில் 495 பேரிடம் குறைந்த அளவு சைட்டரபினோடு ஜெம்டுசுமாப் ஓசோகமைசின் சேர்த்துப் பார்த்தார்கள். நோய்த்தணிவு (மஜ்ஜையில் புற்றணுக்கள் அடங்கிய நிலை) 17 சதவீதத்திலிருந்து 30. ஓராண்டில் உயிரோடு இருந்தவர்கள், சேர்க்காதவர்களில் 27 சதவீதம், சேர்த்தவர்களில் 25. தணிவு வந்தவர்களின் கூடுதல் நாட்கள், தணிவு வராதவர்களின் இழந்த நாட்களோடு ஈடாகிவிட்டன. லேஸ்விங் சோதனையில் ஜில்டெரிட்டினிப்-அசாசிடிடின் கூட்டு தணிவை 26.5லிருந்து 58 சதவீதமாக்கியும் உயிர்வாழ்வில் வித்தியாசம் காட்டவில்லை. அங்கே காரணம் வேறாகவும் இருக்கலாம். ஒப்பீட்டுக் குழுவினர் பிற்பாடு அதே வகை மருந்தைப் பெற்றால் வித்தியாசம் கரைந்துபோகும்.

நல்ல கூட்டோடு மூன்றாவதைச் சேர்ப்பதிலும் இதே ஆபத்து. புற்றணுவை விழுங்க உடலின் மேக்ரோஃபேஜ் அணுக்களைத் தூண்டும் மேக்ரோலிமாப், ஒற்றைக்குழுச் சோதனைகளில் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அசாசிடிடின்-வெனெட்டோகிளாக்ஸ் மேல் அதைச் சேர்த்த என்ஹான்ஸ்-3 சோதனை 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பலன் இல்லை என்பதோடு, தொற்றும் மூச்சுச் செயலிழப்பும் காரணமாக இறப்பு அபாயம் கூடியிருந்தது.

ஜெயித்தவை எப்படி ஜெயித்தன? வியாலே-ஏ 431 பேர், வெனெட்டோகிளாக்ஸ் பெற்ற இருவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் பிளசிபோ (மருந்தில்லாப் போலி மாத்திரை). இடைநிலை உயிர்வாழ்வு 14.7 மாதம், அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களுக்கு 9.6. தணிவு 66.4 சதவீதம், எதிரே 28.3. காய்ச்சலோடு கூடிய நியூட்ரோபில் குறைவு இங்கேயும் இரட்டித்தது, 42 சதவீதம், எதிரே 19. ஆனால் முதல் 30 நாள் இறப்பு 7 சதவீதம், 6 சதவீதம் என்று ஏறக்குறைய சமம். முதல் பலன் வர இடைநிலையாக 1.3 மாதம் போதும், ஒப்பீட்டுக் குழுவுக்கு 2.8. பாதகம் இருந்தும் கூட்டு ஜெயித்ததற்கு இந்த வேகமும், தணிவு வந்ததும் மருந்தை இடைநிறுத்திக் குறைக்கும் விதியுமே காரணம் என்பேன். ஆனால் டிபி53 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு உயிர்வாழ்வில் ஆதாயம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அஜைல் சோதனை வேறு வழி. ஐடிஎச்1 மரபணு மாற்றம் உள்ள 146 பேர் மட்டும், அசாசிடிடினோடு ஐவோசிடெனிப் தினம் 500 மி.கி. உயிர்வாழ்வு 24.0 மாதம், எதிரே 7.9. தொற்று, மருந்து சேர்த்த குழுவில் குறைவு: 28 சதவீதம், எதிரே 49. இந்த மருந்து புற்றணுவை முதிரச் செய்கிறது, மஜ்ஜையை வெறுமையாக்குவதில்லை. தளர்ந்தவர்களுக்கான கூட்டில் தேட வேண்டியது இப்படிப்பட்ட இரண்டாவது மருந்தைத்தான். இதற்கும் தனிப் பொறி உண்டு. முதிர்ச்சி நோய்க்குறி வந்தால் காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை ஏற்றம் என்று பார்ப்பதற்கு நிமோனியாவைப்போலவே இருக்கும். சந்தேகம் வந்ததும் டெக்சாமெத்தசோன் 10 மி.கி. நாளுக்கு இருமுறை தொடங்க வேண்டும், உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு இது தெரியாவிட்டால் ஆன்டிபயாட்டிக் மட்டும் ஓடும்.

மரபணு அறிக்கைக்காகக் காத்திருந்தால் நோயாளி கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் முன்பு இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கான பீட் ஏஎம்எல் திட்டத்தில் 395 பேரில் 94.7 சதவீதத்தினருக்கு ஏழு நாளுக்குள் முடிவு கிடைத்து, அதற்கேற்ற பிரிவில் வைக்கப்பட்டார்கள். வெள்ளணு கட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு வாரம் காத்திருக்கலாம்.

எதை அளப்பது, எத்தனை பேர் வேண்டும்

தணிவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பது மேலே தெரிந்துவிட்டது. தணிவிலும் தரம் உண்டு. முழுத் தணிவு என்றால் மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே, நியூட்ரோபில் 1,000, தட்டணு 1,00,000. பகுதி மீட்சியோடு என்றால் 500, 50,000. பிளாஸ்ட் மட்டும் போய், அணுக்கள் எழவே இல்லை என்றால் அதை 'பலன்' என்ற மொத்தக் கணக்கில் கூட்டுவது கண்துடைப்பு. அந்த நோயாளி வாரம் இருமுறை தட்டணு ஏற்றிக்கொண்டுதான் இருப்பார். குறைந்தது 56 நாள் ரத்தம் ஏற்றாமல் இருந்தாரா என்பது இன்னும் நேர்மையான அளவு. வியாலே-ஏயில் சிவப்பணு ஏற்றம் தேவைப்படாமல் போனவர்கள் 59.8 சதவீதம், எதிரே 35.2.

இறுதி அளவு உயிர்வாழ்வுதான், அதோடு வீட்டில் கழித்த நாட்கள். வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் முதியோரிடம் தடுமாறும். ஆறாவது மாதம் பதில் எழுதுபவர் ஆறு மாதம் தாண்டியவர், கண் தெரிபவர், காய்ச்சல் இல்லாதவர். அவர்களின் சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். இறந்தவர்களையும் விடுபட்டவர்களையும் எப்படிக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். இறப்பு அபாயம் 30 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்து, 80 சதவீத நம்பகத்தோடு அதைக் கண்டுபிடிக்க, சம அளவில் பிரித்தால் சுமார் 247 இறப்புகள் நிகழ வேண்டும். நோயாளிகள் அல்ல, இறப்புகள். இருவருக்கு ஒருவர் என்று பிரித்தால் 278. புதிய மருந்து அதிகம் பேருக்குக் கிடைக்கும் என்ற கவர்ச்சிக்குக் கொடுக்கும் விலை அந்த 31. கூட்டு முதல் இரண்டு மாதத்தில் சிலரைக் கூடுதலாக இழந்து பிற்பாடு முந்தினால், இரண்டு குழுக்களின் உயிர்வாழ்வைக் காட்டும் கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். வழக்கமான ஒற்றை அபாய விகிதம் அங்கே பொய் சொல்லும். அதனால் 30ஆம் நாள், 60ஆம் நாள் இறப்பைத் தனியாக, பாதுகாப்புக் குழு நடுவிலேயே பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு அசாசிடிடின் மட்டும் கொடுப்பதும் இனி, கூட்டு கிடைக்கும் இடங்களில், பெரும்பாலான நோயாளிகளுக்கு நியாயமில்லை. புதியது இரண்டு மருந்துக் கூட்டையே முந்த வேண்டும்.

ஏழு நாள் தொடர்ந்து ஊசிக்கு வருவது என்பதே பலரை வடிகட்டிவிடும். வார இறுதியை விட்டு 5 நாளும் பிறகு 2 நாளும் போடும் முறையை நெறிமுறையே அனுமதிக்கலாம். டெசிடபின்-செடசூரிடின் மாத்திரை (35 மி.கி., 100 மி.கி., ஐந்து நாள்) வந்த பிறகு முழுக்க வாய்வழிக் கூட்டுகளைச் சோதிப்பது சாத்தியமாகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு வருவதை மட்டும் அதனால் தவிர்க்க முடியாது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படிப்பட்ட சோதனையில் இடம் தருவதாகச் சொன்னால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன மருந்து. முதல் கட்டமா, மூன்றாம் கட்டமா. இதே கூட்டில் 30 நாள் இறப்பு இதுவரை எவ்வளவு. முதல் மாதத்தில் எத்தனை நாள் மருத்துவமனையில். மஜ்ஜை தெளிந்ததும் டோஸைக் குறைக்கும் விதி எழுதப்பட்டிருக்கிறதா. பூஞ்சைத் தடுப்புக்கு எந்த மருந்து, அதனோடு டோஸ் எவ்வளவு. வலி, மூச்சுத்திணறல் பார்க்கும் ஆதரவுச் சிகிச்சைக் குழு முதல் நாளிலிருந்தே உண்டா. நடு இரவில் உடல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டினால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவருக்கு இந்தச் சோதனை மருந்தைப் பற்றித் தெரியுமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத மையத்தில் மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தயங்குங்கள்.